மிஞ்சிய சேவல்கள்

குஞ்சுகளுக்கு ஆறு வாரம் ஆனதும் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கணக்கெடுப்பாள். அதுவரைக்கும் எது சேவல், எது பெட்டை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கிய குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுவாள். "இது தீவாளிக்கு. இது கருப்பனுக்கு நேந்தது. இது உங்க சின்னத்தை பிள்ளைய தூக்கிக்கிட்டு வந்தா அடிக்க. அந்தச் செவலை சந்தைக்கு." அரைக் கிலோகூட எட்டாத குஞ்சுகளுக்கு நாளும் காரணமும் அன்றைக்கே முடிவாகிவிடும். பெட்டைகளைப் பற்றிப் பேச்சே வராது. அவை நிற்கும், முட்டையிடும், அடையில் உட்காரும். யோசிக்க வேண்டியதெல்லாம் சேவல்களைப் பற்றித்தான்.

மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் சொல்வது 1970-களின் கடைசி. வீட்டில் எப்போதும் எட்டுப் பத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கும். பொரிக்கும் குஞ்சில் பாதி சேவலாகத்தான் வரும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டாவது சேவல் முற்றிவிட்டால் ஒன்றையொன்று கொத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும். பெட்டைகள் படும் பாடு அதைவிட மோசம். மாறி மாறி மிதிபட்டு முதுகில் இறகே இல்லாமல் தோல் தெரியத் திரியும். ஆக, பாதிக் குஞ்சுகள் பிறக்கும்போதே மிச்சம். அந்த மிச்சத்தை அப்பத்தா ஒருநாளும் மிச்சம் என்று சொன்னதில்லை. அவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு வந்த உயிர்.

அடை வைக்கும் நாளே அந்தக் கணக்கை வைத்துத்தான். விரிசல் விட்டுத் தண்ணீருக்கு ஆகாமல் போன பானையின் அடிப்பாகத்தில் மணலைக் கொட்டிப் பரப்பி, பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பாள். இடி இடித்தால் கரு கலங்கிப்போகும் என்று ஒரு கரித்துண்டும் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஓரத்தில் இருக்கும். வைகாசி பிறந்ததும் வைத்தால் 21 நாளில் பொரிக்கும். ஐப்பசியில் தீபாவளி வரும்போது சேவலுக்கு ஐந்து மாதம். எலும்பு முற்றாமல், சதை பிடித்து, கூவத் தொடங்கிய வெடச்சேவல். அதற்கு முந்தைய புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, சந்தையில் விலை விழுந்து கிடக்கும். அந்த மாதத்தில் எவ்வளவு பணமுடை வந்தாலும் சேவலை விற்க மாட்டாள். தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை திருப்புவனம் சந்தைக்குக் காலைக் கட்டிக் கூடையில் வைத்து எடுத்துப் போவாள். எனக்கு வாங்கிய சட்டைகளில் பாதி சேவல் காசு.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் கணக்கு பலித்ததில்லை. கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று நம்பினாள். கூர் முட்டைகளைச் சட்டிக்கு ஒதுக்கிவிட்டு உருண்டையாகப் பார்த்துப் பார்த்து அடை வைப்பாள். ஆனாலும் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும். முட்டையின் வடிவத்துக்கும் உள்ளே வளர்வதற்கும் தொடர்பு இல்லை என்று நான் பின்னாளில் படித்தேன். மனிதர்களில் தகப்பன் வழியில் தீர்மானமாவது, கோழியில் தாயின் கருமுட்டையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அப்பத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பெற்றதற்காக மாமியாரிடம் நிறையப் பேச்சு வாங்கியவள் அவள்.

குஞ்சுகளுக்குத் தீனி என்று காசு செலவழித்து நான் பார்த்ததில்லை. கம்பு புடைத்த தூசு, குருணை, வடித்த கஞ்சியில் பிசைந்த தவிடு. முதல் ஒரு மாதத்துக்குக் கரையான். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் பனையோலைத் துண்டும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்று மண் இருக்கும் இடத்தில் கவிழ்த்துவிட்டு வருவோம். விடிந்து எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நெளியும். அதைத் தட்டிக் கொட்டுவது என் வேலை. தாய்க்கோழி தான் ஒன்றும் தின்னாமல் குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டும். நான் பள்ளிக்கூடம் போகத் தாமதமானதெல்லாம் அந்தக் கரையானால்தான்.

எந்தச் சேவலை நிறுத்துவது என்பதுதான் அப்பத்தாவின் பெரிய முடிவு. பார்க்க அழகாக இருப்பதையோ எடை கூடியதையோ அவள் நிறுத்தியதில்லை. நாலு மாதம் ஆன சேவல்களுக்கு முன்னால் ஒரு பிடி கம்பை விசிறுவாள். முண்டியடித்துத் தின்னும் சேவல் அன்றைக்கே சட்டிக்கு என்று ஆகிவிடும். இரையைக் கண்டதும் தான் தின்னாமல், அலகால் எடுத்துப் போட்டு, "கொக் கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் ஒன்று இருக்கும். அதுதான் நிற்கும். "தான் தின்னி குடும்பத்துக்கு ஆவாது அப்பு" என்பாள். மேலே பருந்து வட்டமிடும்போது முதலில் சத்தம் கொடுப்பது எது என்றும் பார்த்து வைத்திருப்பாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சேவலையும் மேலத்தெருவில் கொடுத்து அவர்கள் சேவலை வாங்கிக்கொள்வாள். தன் மகள்களையே மிதிக்கும் சேவலை வீட்டில் வைத்தால் குஞ்சு சோடையாகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

அறுக்கும் நாளுக்கு முந்தைய இரவே சேவல் பஞ்சாரத்துக்குள் போய்விடும். இருட்டியபின் பிடித்தால் அது அலறாது. இரை கிடையாது, தண்ணீர் மட்டும். இரைப்பை காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்ய வரும் என்பது ஒன்று. ஓட ஓட விரட்டிப் பிடித்து, மூச்சிரைக்கும் கோழியை அறுக்கக் கூடாது என்பது அப்பத்தாவின் கண்டிப்பு. அறுப்பது சித்தப்பா. அதற்கு முன் அப்பத்தா உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அலகுக்கு நேரே காட்டுவாள். சில சேவல் குடிக்கும், சில குடிக்காது. பிறகு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். இறகைப் பிடுங்கி, மஞ்சளைப் பூசி, பனையோலைத் தீயில் வாட்டுவார்கள். அந்த வாசனை வந்தால் தெருவே எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்க்கும். தோலோடு வெட்டி, அம்மியில் அரைத்த மிளகு சீரகம் மல்லியோடு நல்லெண்ணெயில் வதக்கி, ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால் ஒரு சேவல் பதினோரு பேருக்குக் காணும். குழம்புதான் காணும். கறி ஆளுக்கு இரண்டு துண்டு. ஈரல் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு. வளர்த்தவள் சாற்றை மட்டும் ஊற்றிக்கொள்வாள்.

அந்தக் காலத்தை நான் இனிப்பாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். மாசி போனால் சீக்கு வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் கழிச்சல். ஒரு பங்குனியில் எங்கள் வீட்டில் முப்பது உருப்படியும் நாலே நாளில் போயின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இறக்கை தொங்கி, ஒன்றன்பின் ஒன்றாக. அப்பத்தா மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஊட்டிக்கொண்டே இருந்தாள். கடைசிக் கோழியைப் புதைத்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சிவராத்திரிக்குள் மிஞ்சிய சேவல்களை எல்லாம் விற்றோ அடித்தோ தீர்த்துவிட வேண்டும் என்று அவள் அடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்த பயம்தான்.

இன்று அந்த நோயைத் தடுக்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஓர் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். இப்போது நானும் கோழி வளர்க்கிறேன்; பொரிக்கும் ஒவ்வொரு ஈட்டுக்கும் அந்தச் சொட்டை விடும்போது எனக்கு அப்பத்தா நினைவுதான் வரும். முப்பது கோழிக்கு ஆகும் செலவு அவள் சில முட்டை விற்ற காசுக்கு வந்திருக்கலாம். அது அவள் கைக்கு எட்டவில்லை.

நடுவில் நான் மதுரைக்குக் குடிவந்து வேலையில் சேர்ந்தேன். 1990-களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் சைக்கிளில் கூடை கட்டி ஒருவர் வந்தார். கூடைக்குள் பச்சை, ஊதா, ரோஸ் நிறங்களில் கோழிக்குஞ்சுகள். பழைய பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொடுத்தால் மூன்று குஞ்சு. என் மகள் ரோஸ் நிறத்தில் ஒன்றும் பச்சையில் இரண்டும் வாங்கினாள். பச்சை இரண்டும் அந்த வாரமே செத்தன. ரோஸ் பிழைத்தது. சாயம் உதிர்ந்து வெள்ளையாகி, கொண்டை மட்டும் பெரிதாகி ஒரு பக்கம் சாய்ந்து, மூன்றாவது மாதம் மொட்டை மாடியில் நின்று கூவியது.

தெருவில் யாரை விசாரித்தாலும் அவர்கள் வாங்கியதில் பிழைத்ததெல்லாம் சேவலாகவே இருந்தது. அது எப்படி என்று தேடிப் போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பத்தா வீட்டில் முட்டைக்கும் கறிக்கும் ஒரே கோழி. பெட்டை முட்டை தரும், அதன் கூடப்பிறந்த சேவல் கறி தரும். பண்ணைத் தொழில் அதை இரண்டாகப் பிரித்துவிட்டது. முட்டைக்கென்று ஓர் இனம், நாமக்கல்லில் கூண்டு கூண்டாக நிற்பது. கறிக்கென்று வேறோர் இனம், பல்லடம் பக்கத்துக் கொட்டகைகளில் வளர்வது. கறிக்கோழி ஆணானாலும் பெண்ணானாலும் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. முட்டை இனத்தின் சேவலோ ஒல்லிக் குச்சி. தின்னும் தீனிக்கு ஏற்ற சதை வைக்காது. அதனால் பொரிப்பகத்தில் முதல் நாளே ஆண் பெண் பிரித்து, பெட்டையை எடுத்துக்கொண்டு சேவலைக் கழித்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம், பெரும்பாலும் அன்றைக்கே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் அங்கே வந்திருக்கின்றன. நம் தெருவுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தவை, அப்படிக் கழித்த ஆண்குஞ்சுகள்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என்னால் அதை மறக்க முடியவில்லை. நாம் தினம் அவித்துத் தின்னும் ஒவ்வொரு முட்டைக்குப் பின்னாலும் ஒரு பெட்டை, ஏறக்குறைய ஒவ்வொரு பெட்டைக்குப் பின்னாலும் ஒருநாள்கூட வாழாத ஓர் அண்ணனோ தம்பியோ. அப்பத்தா வீட்டுச் சேவலும் செத்தது, நாங்கள்தான் கொன்றோம், தின்றோம். ஆனால் அது ஐந்து மாதம் வெயிலில் புரண்டது, கரையான் தின்றது, குப்பையைக் கிளறியது, கூவிப் பழகியது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர், சாவு சாவுதானே என்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ரோஸ் குஞ்சாக வந்த அந்த வெள்ளைச் சேவலை ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பத்தா நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தாள். "சதை பிடிக்காதேப்பா இது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கட்டும். இதுவும் வவுத்தோட பொறந்ததுதானே" என்று மற்றவற்றோடு விட்டாள். அது ஒரு வருடம் இருந்தது. ஊர்ச் சேவலிடம் அடிபட்டு அடிபட்டுப் பழகி, வைக்கோல்போர் உச்சியில்தான் தூங்கும்.

அவள் கடைசியாக வளர்த்த சேவலின் கதை வேறு. 2003 ஆகஸ்டில் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்ற 1950-ஆம் வருடச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அப்பத்தா தன் முழங்கால் வலிக்குக் கருப்பனுக்கு நேர்ந்து, இறக்கையில் மஞ்சள் துணி தைத்து ஒரு கறுப்புச் சேவல் விட்டிருந்தாள். ஊரில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். நேர்ந்ததை வீட்டுக்கு அடிக்க முடியாது, விற்கவும் முடியாது. சேவல் வாசலில் முற்றிக்கொண்டே போனது. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள். அந்த மாசியில் கருப்பன் கோயிலில் அதை அறுத்தபோது கறி கட்டையாக இருந்தது. சட்டியில் பப்பாளிக்காய்த் துண்டும் கொட்டாங்குச்சியும் போட்டு மூன்று மணி நேரம் வேகவைத்தார்கள். எண்பத்தைந்து வயதில், பல் இல்லாத வாயால், அன்றைக்கு மட்டும் அப்பத்தா கறியைத் தின்றாள். வாக்குக் கொடுத்ததைக் கொடுத்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மதுரையின் விளிம்பில் ஐந்து சென்ட் இடத்தில் வீடு. 2020-இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு திருப்புவனம் சந்தையில் நாலு சிறுவிடைப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். முட்டைக்காகத்தான் வாங்கினேன். முதல் அடையில் பதின்மூன்று முட்டை வைத்தேன், பதினொன்று பொரித்தன. ஆறாவது வாரம் திண்ணையில் உட்கார்ந்து நானும் கணக்கெடுத்தேன். ஏழு சேவல்.

அப்பத்தாவிடம் தீபாவளி இருந்தது, கருப்பன் இருந்தான், பிள்ளை பெற்று வரும் மகள்கள் இருந்தார்கள், செவ்வாய்ச் சந்தை இருந்தது. என்னிடம் ஏழு சேவலும் மூன்று பக்கம் அடுத்த வீட்டுச் சுவர்களும் இருந்தன. நாலாவது மாதம் அவை வரிசையாகக் கூவத் தொடங்கின. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், இரவு வேலைக்குப் போய்வருபவர். "சார், காலையில கொஞ்சம்..." என்று முடிக்காமல் நின்றார். நான் கூண்டைச் சாக்குப் போட்டு மூடிப் பார்த்தேன். இருட்டிலும் கூவின. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெளிச்சம் மாறாமல் மங்கலாகவே வைத்திருந்தாலும் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்து நேரத்துக்குக் கூவிவிடுகிறது. கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தத்தம் வரிசையில் தொடரும் என்பதையும் பிறகு கண்டார்கள். அப்படியானால் சாக்குப் போட்டு மூடுவதில் பயனில்லை. ஏழையும் பெட்டைகளின் கண்ணில் படாமல் பின்பக்கம் தனியாக அடைத்தேன். சேர்ந்தே வளர்ந்தவை, நடுவில் பெட்டை இல்லை என்றால் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. கூவலும் பாதியாகக் குறைந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் முதல் குழம்பு போனது.

தெரிந்தவர்கள் பலர் விலைக்குக் கேட்டார்கள், ஆனால் அறுத்துச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் வேண்டும் என்றார்கள். ஒருவர், தன் பிள்ளைகள் உயிரோடு பார்த்துவிட்டால் தின்ன மாட்டார்கள் என்றார். அந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கறிக்கோழி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவர் மேல் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கோழி எப்படி நடக்கும் என்று காட்ட ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். என் மகளும் போனில் கேட்டாள். "அப்பா, நீங்களேவா அறுக்கப் போறீங்க?" ரோஸ் குஞ்சைச் சட்டைப் பையில் வைத்துத் தூங்கியவள். ஆமாம் என்றேன்.

சித்தப்பா இருந்த ஊருக்கு ஒரு சனிக்கிழமை போய் அவரிடம் கற்றுக்கொண்டு வந்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது, ஆனால் கழுத்தில் விரல் வைக்கும் இடத்தைச் சரியாகக் காட்டினார். கத்திதான் முக்கியம் என்றார். மொண்ணைக் கத்தியோடு கோழிப் பக்கம் போகாதே என்று மூன்று தடவை சொன்னார்.

ஐந்தரை மாதத்தில், வீட்டு மிச்சம் போக, ஒரு 50 கிலோ மூட்டைத் தீவனம் காலி. ஏழும் சேர்ந்து நின்ற எடை பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். கறிக்கோழி ஒரு கிலோ எடை கூட ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் மேலே தின்னும் என்று பார்த்தால், என் சேவல் மூன்று மடங்கு தின்றிருக்கிறது. கரையான் பானை வைக்க இங்கே இடமில்லை. லாபம் பார்த்து இதைச் செய்ய முடியாது. ஆனாலும் முட்டைக்குக் கோழி வைத்திருக்கும் வரைக்கும் அதோடு பிறக்கும் சேவலை நான்தான் வளர்க்க வேண்டும், நான்தான் அறுக்க வேண்டும். விலக்கிவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இது நாலாவது ஈடு. ஐந்து சேவல். பழைய சேவலுக்கு வயதாகிவிட்டது, ஒன்றை நிறுத்த வேண்டும். நாளை ஞாயிறு என்பதால் இன்று சாயங்காலம் பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எடையைப் பார்த்துக் கீரி நிறச் சேவலைத்தான் அறுக்க மனதில் வைத்திருந்தேன். பெட்டைகளை அந்தப் பக்கம் திறந்துவிட்டு ஒரு பிடி கம்பை விசிறினேன். நாலு சேவல் தலை நிமிராமல் கொத்தின. கீரி ஒரு மணியை எடுத்துக் கீழே போட்டது, மறுபடி எடுத்துப் போட்டது, கழுத்தைத் தாழ்த்திக் கொக்கரித்தது. முதலில் வந்த பெட்டை அதைத் தின்னும்வரை அப்படியே நின்றது. பஞ்சாரத்தை நகர்த்திக் கறுப்புச் சேவலின் பக்கம் கொண்டுபோனேன்.